ஓய்வூதியரைக் காதலிப்போர் சங்கம்

அறுபது தாண்டிய மனிதரை இந்தத் தீவில் யாராவது உருகி உருகிக் காதலிப்பார்களா? யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் காதலிக்கிறார்கள். பெற்ற மகன் கனடாவிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வட்ஸ்அப்பில் பத்து நிமிடம் வருவான். மருமகள் திரையின் ஓரத்தில் கையை ஆட்டிவிட்டுப் போய்விடுவாள். ஆனால் கழுத்துப்பட்டி கட்டிய ஒரு தம்பி உச்சி வெயிலில் படலையைத் தட்டி, கேக் பெட்டியை நீட்டி, "பிறந்தநாள் வாழ்த்துக்கள் சேர்" என்று நிற்பான். சேருக்கே மறந்துபோன பிறந்தநாள். அடையாள அட்டை இலக்கத்தைப் பார்த்துப் பிறந்த தேதியைக் கண்டுபிடிக்கிற அளவுக்கு அன்பு.

மாஸ்டர் என்றே அவரைச் சொல்லிக்கொள்வோம். அவர் ஓர் ஆள் அல்ல. சில்லாலையில், வடலியடைப்பில், மாதகலில் ஒழுங்கைக்கு ஒருவர் இருக்கிறார். முப்பத்தைந்து வருடம் வெண்கட்டித் தூள் தின்று, ஓய்வுபெறும்போது கிடைத்த பணிக்கொடையோடு மகன் அனுப்பியதில் மிச்சம் பிடித்ததையும் சேர்த்து, பத்து இலட்சத்தை நிலையான வைப்பில் போட்டு வைத்திருப்பவர். தம்பி காதலிப்பது அந்தப் பத்து இலட்சத்தை என்று அவருக்கும் தெரியும். தெரிந்தாலும், கேக் கேக்தானே.

2022 ஆவணியில் அந்தப் படலையடியில் நடந்த பேச்சு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"சேர், உங்கட பிக்சட் அடுத்த மாசம் முதிருதெல்லோ?"

"அது மற்ற வங்கியிலயெல்லோ கிடக்கு. உமக்கு ஆர் சொன்னது?"

"ஊருக்க கதைக்கினம் சேர். நாங்கள் இருபத்திரண்டு தாறம்."

"அவையள் நேற்றே இருபத்திரண்டரை எண்டிட்டினம், தம்பி."

தம்பி வேலியோரம் தள்ளிப் போய் நின்று மனேச்சரோடு போனில் கதைக்கிறான். திரும்பி வருகிறான். "இருபத்திமூண்டு சேர். உங்களுக்காகத்தான்."

"அது சரி, ஏன் சைக்கிள்ள வந்தனீர்?"

"கியூஆரில குடுத்த நாலு லீற்றர் பெற்றோலும் முடிஞ்சுது சேர். இனி அடுத்த கிழமைதான்."

ஏப்ரல் 12ஆம் திகதி இந்த நாடு கடன் கட்ட முடியாது என்று உலகத்துக்கு அறிவித்து நாலு மாதம். மருந்து இல்லை, எரிவாயு இல்லை, பால்மா இல்லை. வட்டி மட்டும் சைக்கிளில் வீடு தேடி வந்தது.

அந்தத் தம்பிமேல் எனக்குக் கோபம் இல்லை. அவனும் எங்கட ஊர்ப் பிள்ளை. மாதத்துக்கு இவ்வளவு வைப்புப் பிடிக்க வேண்டும் என்று அவன் தலையில் ஓர் இலக்கைக் கட்டிவிட்டிருக்கிறார்கள். பிடிக்காவிட்டால் அடுத்த மாதம் வவுனியா. கோபம், அவனை அனுப்பிவிட்டுக் குளிரூட்டிய அறையில் இருந்து இதற்குப் போட்டி என்று பெயர் வைத்தவர்கள்மேல்.

1977இல் ஜே.ஆர். ஜயவர்தன பொருளாதாரத்தின் கதவைத் திறந்தபோது சொன்ன கதை இனிப்பானது. அரசாங்கம் வட்டியை இனி அமுக்கி வைத்திருக்காது, வங்கிகள் பெருகும், ஒன்றோடொன்று அடிபட்டுச் சேமிப்பாளனுக்குக் கூட்டிக் கொடுக்கும், சேமிப்பாளன் ராஜா. தேசிய சேமிப்பு வங்கியின் வட்டி அந்த வருடமே எகிறியது. 1979இலிருந்து வெளிநாட்டு வங்கிகள் வந்தன. எண்பதுகளில் புதிய தனியார் வங்கிகள் முளைத்தன. யாழ்ப்பாணத்துக்கு இந்த ராஜபோகம் முப்பது வருடம் பிந்தியது. ஏ9 பாதை மூடித் திறந்து, திரும்ப மூடிய காலமெல்லாம் பழைய வங்கிகள் சில இங்கே தாக்குப்பிடித்தன, அவற்றுக்கு அந்த மரியாதையைக் கொடுக்கத்தான் வேண்டும். 2009 மே மாதத்துக்குப் பிறகு பாருங்கள். மிதிவெடி அகற்றுகிறவர்கள் ஒரு பக்கத்தால் வர, மற்றப் பக்கத்தால் வங்கிக்காரரும் நிதிக் கம்பனிக்காரரும் லீசிங்காரரும் வந்தார்கள். வலிகாமம் வடக்குச் சனம் உயர் பாதுகாப்பு வலயத்து முட்கம்பிக்கு வெளியே நின்று சொந்தக் காணியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில் வங்கிகள் மீள்குடியேறி முடித்துவிட்டன.

அன்றிலிருந்து எங்களுக்கு எத்தனை கலண்டர்! நல்லூர் முருகன் ஒரு வங்கியில், மடு மாதா இன்னொரு வங்கியில். கோயில் திருவிழாவில் தண்ணீர்ப்பந்தல், பந்தலைவிடப் பெரிய பதாகை. புலமைப்பரிசில் பெறுபேறு வந்த மறுநாள் பள்ளிக்கூட மதிலில் சித்தியடைந்த பிள்ளைகளின் படம், படத்துக்கு மேலே வங்கியின் சின்னம். அந்தப் பிள்ளைக்கு விடிய நாலு மணிக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்து எழுப்பிய தாயின் படம் மட்டும் எங்கேயும் இல்லை. தாயிடம் நிலையான வைப்பு இல்லை.

சரி, வட்டிப் போட்டி உண்மையில் எங்கே நடக்கிறது? பண்டத்தரிப்புச் சந்தியில் அல்ல. கொழும்பில், புதன்கிழமைகளில், மத்திய வங்கி நடத்தும் திறைசேரி உண்டியல் ஏலத்தில். அரசாங்கம் செலவுக்குக் காசில்லாமல் கைநீட்டும் இடம் அது. 2022இன் கடைசி மாதங்களில் மூன்று மாத உண்டியலின் வட்டி 30 வீதத்தைத் தாண்டியது. மாஸ்டரிடம் 23 வீதத்துக்கு வாங்கிய காசை அங்கே கொண்டுபோய் 30க்குக் கொடுத்தால் நூறு ரூபாவுக்கு ஏழு ரூபா. பத்து இலட்சத்துக்கு வருடம் எழுபதாயிரம். ஒரு தோட்டத்தைப் போய்ப் பார்க்கத் தேவையில்லை, ஒரு பட்டறையை மதிப்பிடத் தேவையில்லை, ஒருத்தனையும் நம்பத் தேவையில்லை. கேக் அந்த எழுபதாயிரத்தில் வாங்கியது. தேசிய சேமிப்பு வங்கிக்கோ இது விருப்பமும் அல்ல, விதி. வைப்பில் குறைந்தது 60 வீதத்தை அரச பிணையங்களில் போட வேண்டும் என்று அதன் சட்டமே சொல்கிறது. அரசாங்கத்தின் டொலர்க் கடன்பத்திரங்களை வாங்கி வைத்திருந்த வங்கிகளுக்கு அதே காலத்தில் அடியும் விழுந்தது என்பார்கள். விழுந்தது உண்மை. அதற்கு அழுவதற்கு அவர்களிடம் சம்பளத்துக்கு ஆட்கள் இருக்கிறார்கள்.

ஆக, படலையடியில் நடந்த பேரம் மாஸ்டரின் காசைக் கொழும்புத் திறைசேரிக்கு ஏற்றிப்போகும் கூலி யாருக்கு என்பதற்கான பேரம். இருபத்திரண்டா, இருபத்திரண்டரையா, இருபத்திமூன்றா என்று அவர் வெற்றிலை மென்றபடி தெரிவு செய்தது சேருமிடத்தை அல்ல, பஸ்ஸை.

இருபத்திமூன்று வீதம் நல்ல இலாபந்தானே என்று கேட்கிற புத்திசாலிகளுக்காக ஒரு கணக்கு. மாஸ்டர் அந்தப் பத்து இலட்சத்தைப் போட்டது 2021 செப்டெம்பரில். ஊரில் மற்றவர்களுக்கு அப்போது வட்டி ஐந்து, ஆறு வீதம். மாஸ்டர் மூத்த பிரஜை. 2015இலிருந்து அறுபது வயதுக்காரருக்கு ஒரு விசேட திட்டம் இருந்தது: முதலில் பத்து இலட்சம், பிறகு பதினைந்து இலட்சம் வரையான வைப்புக்கு 15 வீதம். எனவே 2022 செப்டெம்பரில் அவரிடம் பதினொன்றரை இலட்சம். அதே செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். போன வருடம் பத்து இலட்சத்துக்கு வாங்கியதை இப்போது வாங்கப் பதினேழு இலட்சம் வேண்டும். இனித் தம்பியின் 23 வீதத்தைச் சேருங்கள். ஒரு வருடம் மாதவட்டி ஒரு சதம் எடுக்காமல், மருந்து வாங்காமல், விரதம் இருந்தால் 2023 செப்டெம்பரில் பதினான்கு இலட்சத்துச் சொச்சம். பணவீக்கம் அதற்குள் ஒன்றரை வீதத்துக்கும் கீழே வந்துவிட்டது, வந்தென்ன, ஏறிய விலை இறங்கவில்லை. பதினேழு பதினேழாகவே நிற்கிறது. வரலாறு காணாத வட்டி, மூத்த பிரஜைச் சலுகை, கேக், எல்லாம் சேர்ந்தும் மாஸ்டர் மூன்று இலட்சம் நட்டம். அதே தொகையை ஆறு வீதத்தில் போட்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா அந்த முதல் வருடத்திலேயே ஆறு இலட்சத்துக்கு மேல் இழந்துவிட்டார். அவருக்குக் கேக்கும் இல்லை.

வென்றவர்களும் உண்டு. 2022 நடுவில் கையில் புதுக்காசு வைத்திருந்தவர்கள். டொலரை 360 ரூபாவுக்கு மாற்றி அன்றைய வட்டிக்குப் போட்டவர்கள். மத்திய வங்கி டொலரை 203 ரூபாவில் கட்டி வைத்திருந்த மாதங்களில், தேசத்துக்கு உதவுங்கள் என்ற குரலுக்கு இரங்கி, டொலருக்குப் பத்து ரூபா ஊக்கக்காசோடு வங்கி வழியே அனுப்பிய பிள்ளை தோற்றான். சட்டத்தை மதித்தவன் முட்டாளாகிற விதமாக ஒரு சந்தையை வடிவமைப்பதும் ஒரு திறமைதான். அதற்கு ஆளுநர் வேண்டும், நாணயச் சபை வேண்டும், பட்டம் பெற்ற பொருளியலாளர்கள் ஒரு மாடி நிறைய வேண்டும்.

மூத்த பிரஜைத் திட்டம் என்ன ஆனது என்று கேளுங்கள். 2022 ஒக்டோபரோடு நிறுத்தினார்கள். சந்தையே 15க்கு மேலே கொடுக்கிறதே, சலுகை எதற்கு என்று ஒரு நியாயம். நியாயந்தான். பிறகு சந்தை எட்டுக்கு இறங்கியதே, அப்போது அந்த நியாயம் எங்கே போயிற்று? 2025 வரவுசெலவுத் திட்டம் வரும்வரை அது திரும்பவில்லை. திரும்பியதும் முழுசாக இல்லை. ஒரு வருட வைப்புக்கு, பத்து இலட்சம் வரை, சந்தை வட்டிக்கு மேலே மூன்று வீதம். ஒரு கையால் அதைத் தருவதாகச் சொன்ன அதே 2025இல், மறுகையால் வட்டியில் பிடிக்கும் வரியை 5 வீதத்திலிருந்து 10 ஆக்கினார்கள். வருமானம் குறைந்தவர் படிவம் நிரப்பிக் கொடுத்தால் பிடிக்க மாட்டார்களாம். முழங்கால் வாதக்காரர் வங்கி வங்கியாக ஏறி, நான் பணக்காரன் இல்லை என்று கையெழுத்து வைக்க வேண்டும். ஆண்டுக்கொரு தரம். ஏழை என்று நிரூபிப்பதற்கும் இந்த நாட்டில் பஸ் காசு வேண்டும்.

வட்டி ஏறும்போதும் இறங்கும்போதும் சுதந்திரச் சந்தை எப்படி நடந்துகொள்கிறது என்பது தனி நாடகம். 2019 ஏப்ரல் 26, உயிர்த்த ஞாயிறு குண்டுகள் வெடித்து ஐந்தாம் நாள், நாடு பிணங்களை எண்ணிக்கொண்டிருக்க, மத்திய வங்கி வைப்பு வட்டிக்கு உச்சவரம்பு கட்டியது. வங்கிகள் வைப்புக்குப் போட்டி போட்டு வட்டியை ஏற்றுகின்றன, அதனால் கடன் வட்டி இறங்க மாட்டேன் என்கிறது என்பது காரணம். போட்டி வேண்டுமென்று நாற்பது வருடம் மேடை போட்டவர்கள், போட்டி உண்மையிலேயே சேமிப்பாளன் பக்கம் சாயத் தொடங்கியதும் மேடையைக் கழற்றினார்கள். அந்த வரம்பு செப்டெம்பரில் நீங்கியது. 2022 ஏப்ரல் 8இல் கொள்கை வட்டியை ஒரே அடியாக 7 வீதம் ஏற்றினார்கள். 2023 ஜூனிலிருந்து இறக்கத் தொடங்கினார்கள். இறக்கியதும் வைப்பு வட்டி என்ன பணிவோடு இறங்கியது! ஒருவரும் கட்டளையிடவில்லை. ஆனால் கடன் வட்டி மாடியிலேயே நின்றது. கடைசியில் அந்த ஆகஸ்டில் மத்திய வங்கியே கட்டளை எழுதி இழுத்து இறக்க வேண்டியதாயிற்று: நகை அடகுக்கு 18 வீதத்துக்கு மேல் வாங்காதே, கடனட்டைக்கு 28க்கு மேல் வாங்காதே. கட்டளையில் போட்ட உச்சமே இவ்வளவு என்றால் அதற்கு முன்பு என்ன வாங்கினார்கள் என்று நீங்களே யோசியுங்கள்.

2024இல் மாஸ்டர் தானே வங்கிக்குப் போனார். இப்போது படலைக்கு யாரும் வருவதில்லை.

"எவ்வளவு தம்பி?"

"எட்டுச் சேர்."

"மற்ற வங்கியில?"

"அவையும் எட்டுத்தான் சேர். வேணுமெண்டா கேட்டுப்பாருங்கோ."

கேட்டுப் பார்த்தார். எட்டு. அதற்கடுத்ததில் எட்டேகால், ஆனால் பதினைந்து மாதத்துக்கு. இருபத்திரண்டும் இருபத்திரண்டரையும் முட்டி மோதிய அந்த வீரர்கள் எல்லாரும் ஓர் இரவில் சமாதானமாகிவிட்டார்கள். வடக்கில் இவ்வளவு விரைவில் கைகூடிய சமாதானத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

எட்டு வீதம் போதாமல் நிதிக் கம்பனிப் பக்கம் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு சொல். அங்கே இரண்டு மூன்று வீதம் கூட. அந்தக் கூடுதல் எதற்கான விலை என்பதை 2008 மார்கழியில் கோல்டன் கீ கம்பனி விழுந்தபோது தெற்கு அறிந்தது. 2020 மே மாதம் த பினான்ஸ் கம்பனியின் உரிமத்தை மத்திய வங்கி இரத்துச் செய்தபோது திரும்பவும் அறிந்தது. வைப்புக் காப்புறுதி அன்று ஆளுக்கு ஆறு இலட்சம் வரை. 2021இலிருந்து பதினொரு இலட்சம். அதற்கு மேலே போட்டிருந்தால் நேர்த்தி வைக்கலாம்.

இனி இந்தக் காதலின் மறுபக்கத்துக்கு வருவோம். அதே வங்கி, அதே கண்ணாடிக் கதவு. உள்ளே வருவது வெங்காயத் தோட்டக்காரி. கிணற்றுக்கு நீரிறைக்கும் மோட்டார் போய்விட்டது, விதை வெங்காயத்துக்கும் காசு வேண்டும். இரண்டு இலட்சம் கேட்கிறார்.

"உறுதி கொண்டுவந்தனீங்களோ அம்மா?"

"உறுதி தொண்ணூற்றைஞ்சில ஓடேக்க துலைஞ்சு போச்சு தம்பி."

"அப்ப காணிக் கந்தோரில பிரதி எடுக்கோணும். காணி ஆற்ற பேரில?"

"எனக்கும் தங்கச்சிக்கும். அவ கனடாவில."

"அப்ப அவவின்ர அற்றோணித் தத்துவம் வேணும். இரண்டு அரசாங்க உத்தியோகத்தர் பிணை வைக்கோணும். சம்பளப் பட்டோலை, பிறகு மதிப்பீட்டு அறிக்கை…"

"மழைக்கு முன்னம் நடோணும் தம்பி."

தம்பி அவரின் கையைப் பார்க்கிறான். மனம் இளகுகிறது. "கையில கிடக்கிற காப்பைத் தாங்கோ அம்மா. பத்து நிமிசத்தில முடியும்."

பத்து நிமிடந்தான். அதில் பொய் இல்லை. உரைகல், தராசு, சீட்டு, காசு. கனடாத் தங்கச்சி அனுப்பிய பணம் அதே வங்கியில் எட்டு ஒன்பது வீதத்தில் தூங்குகிறது. அந்தத் தங்கச்சியின் தமக்கை தன் காப்பை வைத்து அதே பணத்தை அதன் இரட்டிப்பு வட்டிக்கு எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறார். வங்கியின் வேலை அந்த இரண்டு சகோதரிகளுக்கும் நடுவில் இருப்பது. வெங்காய விலை விழுந்தால் காப்பு ஏலத்துக்குப் போகும். அதையும் பத்திரிகையில் அறிவித்து ஒழுங்காகச் செய்வார்கள்.

காப்பும் இல்லாதவர்களுக்காக நுண்கடன் கம்பனி வந்தது. கிழமைக்குக் கிழமை வாசலில் மோட்டார் சைக்கிள், ஒருத்தி கட்டத் தவறினால் குழுவில் மற்றப் பெண்கள் கட்ட வேண்டும். வடக்கு கிழக்கில் பெண்கள் அந்தக் கடனில் உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகள் வந்த பிறகுதான் 2018இல் அரசாங்கத்துக்குக் காது கேட்டது. வறட்சி மாவட்டங்களில் ஓர் இலட்சத்துக்குக் குறைந்த கடன்களுக்கு நிவாரணம் அறிவித்தார்கள், வட்டிக்கு 35 வீத வரம்பு போட்டார்கள். முப்பத்தைந்து! கருணை என்ற பெயரில் அரசாங்கம் அங்கீகரித்த வீதம் அது. மாஸ்டரின் காசுக்கு எட்டு, தோட்டக்காரியின் காப்புக்குப் பதினெட்டு, காப்பில்லாதவளின் மானத்துக்கு முப்பத்தைந்து. வாசலில் வட்டி வீதம் எழுதித் தொங்கவிடும் பலகையில் முதல் எண் மட்டுந்தான் இருக்கும், அதுவும் கொட்டை எழுத்தில்.

லீசிங்கை மறந்துவிடவில்லை. முச்சக்கர வண்டிக்கு வேண்டுமா, மோட்டார் சைக்கிளுக்கு வேண்டுமா, இன்றைக்கே ஓட்டிக்கொண்டு போகலாம். ஓடுகிற எதற்கும் கடன் உண்டு, தவணை தவறினால் ஓட்டிக்கொண்டு போய்விடலாம் அல்லவா? கிணறு ஓடாது. தோட்டம் ஓடாது. ஆகவே அவற்றுக்குக் கடன் கொடுப்பது ஆபத்தானது.

என் பங்குக்கு ஒரு புதுப் போட்டியை முன்வைக்கிறேன். மத்திய வங்கிக்கு வட்டிக்கு வரம்பு போடக் கட்டளை எழுதத் தெரிகிறது, இதற்கும் ஒரு கட்டளை எழுதட்டும். ஒவ்வொரு கிளையும் வாசலில் இன்னொரு பலகை தொங்கவிட வேண்டும். இந்த ஊரில் இந்த வருடம் வாங்கிய வைப்பு இவ்வளவு. இந்த ஊரில் தோட்டத்துக்கு, கடற்றொழிலுக்கு, பட்டறைக்குக் கொடுத்த கடன் இவ்வளவு. அடகுக்குக் கொடுத்தது இவ்வளவு, லீசிங்குக்கு இவ்வளவு, மிச்சம் கொழும்புக்குப் போனது இவ்வளவு. அதுவும் கொட்டை எழுத்தில், தமிழில், முருகன் கலண்டர் தொங்குகிற அதே உயரத்தில். இரகசியம் என்று சொல்லித் தப்ப முடியாது. யாருடைய கணக்கையும் கேட்கவில்லை, கூட்டுத்தொகையைத்தான் கேட்கிறேன். மாஸ்டரின் முதிர்வுத் திகதியை ஊருக்குள்ளே விசாரித்து அறிந்தவர்களுக்கு இது பெரிய வேலையும் அல்ல.

எந்த வங்கி அந்தப் பலகையை முதலில் மாட்டுகிறதோ அதில் போடச் சொல்லி நானே ஒழுங்கை ஒழுங்கையாகப் போய் ஆள் பிடித்துத் தருகிறேன், தரகு இல்லாமல். அரை வீதம் குறைத்துத் தந்தாலும் பேசாமல் போடுவோம். கேக்கும் வேண்டாம், எல்லாருக்கும் சீனி வருத்தம்.